பவானி ஜமக்காளத்தில் கோல்ஃப்

எங்கள் விஜயநகர் வீட்டுக் கூடத்தில் ஒரு பவானி ஜமக்காளம் இருக்கிறது. கல்யாணச் சீரோடு என் மாமியார் ஈரோட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும். கொலு பார்க்க வந்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள், ஒரு மழைநாளில் நம் சங்கத்தின் செயற்குழு முழுவதும் என்று எத்தனையோ பேரைத் தாங்கிய ஜமக்காளம். அதில் ஓர் இடத்தில் மட்டும் நூல் தேய்ந்து வெளுத்துக் கிடக்கும். வருகிறவர்கள் எலி கடித்ததா என்று கேட்பார்கள். கோல்ஃப் ஆடித் தேய்ந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

உண்மை அதுதான். என் மகள் இரண்டு வருஷம் தினமும் மாலையில் அந்த இடத்தில் நின்று, நாலடி தள்ளி வைத்த எவர்சில்வர் டம்ளருக்குள் பந்தைத் தள்ளிப் பழகினாள். பழகச் சொன்னவன் நான். நான் சொன்னது தவறான பழக்கம் என்பதும், அதற்கு என் தப்புக் கணக்கே காரணம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் கேட்டதும் அந்தக் கணக்கையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கோல்ஃப் ஆடாத அன்பர்களும் படிக்கலாம். பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கியவர்கள் எல்லோருக்கும் இதில் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

கோல்ஃபா, அது பணக்காரர் சமாச்சாரம் ஆயிற்றே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. என் சகதர்மிணியும் அதையேதான் சொன்னாள், அதுவும் முணுமுணுக்காமல். நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க எனக்குப் பொறுமை கிடையாது. நண்பர் ஒருவர் சாமுண்டி மலை அடிவாரத்துப் பக்கம், குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருக்கும் ஜெயசாமராஜ உடையார் கோல்ஃப் கிளப்புக்கு விருந்தாளியாக அழைத்துப் போனார். பந்தய வளையத்துக்கு நடுவே பதினெட்டுக் குழி. (சென்னை கிண்டியிலும் இப்படித்தான் இருந்தது. குதிரை ஓடும் தடத்துக்கு உள்ளே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். வெள்ளைக்காரன் ஒரே வேலியில் இரண்டு பொழுதுபோக்கை அடைத்துவிட்டான்.) போன இடத்தில் ஒட்டிக்கொண்டேன். ஞாயிறு விடிகாலையில் ஸ்கூட்டரின் முன்பக்கம் மட்டைப் பையும் பின்னால் மகளுமாக, ஹுணசூர் சாலையைப் பிடித்து அரண்மனையைத் தாண்டி ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போவோம். அவளுக்கு அப்போது பத்து வயசு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஒவ்வொரு குழிக்கும் தூரத்திலிருந்து பந்தை அடித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒட்ட வெட்டிய புல்தரையில் சேர்க்க வேண்டும். அதற்குக் கிரீன் என்று பெயர். அங்கே புட்டர் என்ற தட்டை முக மட்டையால் உருட்டிக் குழியில் விழவைக்க வேண்டும். அந்த உருட்டலுக்குத்தான் புட் என்று பெயர். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். முந்நூறு கஜம் பறக்கும் அடியும் ஒன்று, அரையடி உருட்டலும் ஒன்று, கணக்கில் இரண்டும் சமம். இந்த அநியாயத்தில்தான் ஆட்டத்தின் சுவாரசியமே இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்று மாலை நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதால், காலையில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெண்கள் கோல்ஃபின் கடைசி நாள். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், மூன்று நாள் ஆட்டத்தின் முடிவில் இரண்டாம் இடத்தில் நின்றாள். உலகத் தர வரிசையில் அப்போது அவளுக்கு 200ஆம் இடம். சில மாதங்களுக்கு முன் கொரோனா வந்து உடம்பில் வலு குறைந்திருந்தது. தூரமாக அடிப்பதில் கூட ஆடியவர்கள் எல்லோரும் அவளை முந்திக்கொண்டே இருந்தார்கள். மட்டைப் பையைத் தூக்கியவர் அவளுடைய அம்மா மகேஸ்வரி. ரியோவில் 2016இல் அப்பா தூக்கினார். முதல் மூன்று நாளும் 67, 66, 68. கடைசி நாளும் 68. மொத்தம் 269. தங்கம் வாங்கிய அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267. ஜப்பானின் மோனே இனாமியும் நியூஸிலாந்தின் லிடியா கோவும் 268இல் சமமாக நின்று, கூடுதல் குழியில் இனாமி வெள்ளியும் லிடியா வெண்கலமும் பெற்றார்கள். அதிதிக்கு நாலாவது இடம். ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று.

கடைசிக் குழியில் அவள் அடித்த நீண்ட புட் விழவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்து, "சே, இதைப் போட்டிருக்கலாமே!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன்.

"அது எவ்வளவு தூரம்ப்பா?" என்றாள் மகள். அவளுக்குப் பதினாலு வயசு.

"தூரம் என்ன தூரம், ஒலிம்பிக்ஸ்ல ஆடறவங்க போட வேண்டாமா?" என்றேன். அந்தக் கேள்விக்கு அன்றே ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் ஜமக்காளமாவது பிழைத்திருக்கும்.

அவளும் அதற்குள் சிறுவர் போட்டிகளில் ஆடத் தொடங்கியிருந்தாள். மைசூரில் அதற்கு ஒரு உற்சாகமும் இருந்தது. இதே ஊர்ப் பெண் பிரணவி அர்ஸ் தொழில்முறை ஆட்டத்தில் பெயர் வாங்கி, 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுக்கு அதிதியோடு இந்திய அணியில் போனார். நான் என் மகளின் அட்டைகளைப் பார்க்கும்போது ஒரே ஓர் எண்ணைத்தான் பார்ப்பேன். மொத்தப் புட் எத்தனை? 34, 35, 33, 34. அவளோடு ஆடும் இன்னொரு பெண்ணுக்கு 30, 29, 31. தொழில்முறை ஆண்களின் சராசரி 29 என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே என் தீர்ப்பு தயாராக இருந்தது. "மத்ததெல்லாம் நல்லா ஆடறே. புட்டிங்தான் உன்னைக் கவுக்குது." தீர்ப்புக்குப் பின் தண்டனை: ஜமக்காளம், நாலடி, டம்ளர், தினமும் நூறு பந்து.

2022இல் பெங்களூரில் ஒரு சிறுவர் போட்டி. கடைசி இரண்டு குழியிலும் ஐந்தடி, ஐந்தடி தூரத்துப் புட்டைத் தவறவிட்டாள். ரயிலில் திரும்பும்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ராமநகரம் தாண்டியதும் ஆரம்பித்தேன். நூறு பந்து பழகியும் ஐந்தடி போடத் தெரியவில்லை என்றால் கவனம் இல்லை என்றுதானே அர்த்தம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் அச்சில் ஏற்ற வேண்டாம். மத்தூர் வடைக்காரர் வந்தார். வாங்கிக் கொடுத்த வடையைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிப் பாலத்தின்மேல் வண்டி போகும்போது, "அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமையிலிருந்து நான் வரலை" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. வடை அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நாலு மாதம் நான் தனியாகப் போனேன். எனக்குப் பை தூக்கும் பெரியவர், தாத்தா காலத்தில் தர்மபுரிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். நாற்பது வருஷமாகப் பந்தைப் பார்க்கிறவர். கேடிகளை வெறும் சுமைகூலி என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற பெங்களூரின் சி. முனியப்பா, கேடியாகத் தொடங்கியவர். எங்கள் பெரியவர் ஒரு நாள், "பாப்பா ஏன் சாமி வரதில்லே?" என்று கேட்டார். புட்டிங் வரவில்லை, அதனால் விட்டுவிட்டாள் என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"பாப்பாவுக்குப் புட்டிங் வரலியா? யார் சொன்னது? சாமி, நீங்க எத்தனைன்னு எண்றீங்க. எங்கேருந்துன்னு எண்ணலியே."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் நான் மற்றவர்களுக்குச் சொன்ன பாடம் அது. கழிவு எத்தனை என்று எண்ணிக்கொண்டு என்னிடம் வராதே, எந்த மெஷினில், எந்த ஷிப்டில், எந்தச் சரக்கில் என்று பிரித்து எழுதிக்கொண்டு வா என்று புதிதாகச் சேரும் பையன்களை விரட்டியிருக்கிறேன். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தான். மார்க் பிராடி என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதி 2014இல் வந்த 'எவரி ஷாட் கவுண்ட்ஸ்'. பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அன்று பிரித்தேன். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் ஒவ்வோர் அடியும் எங்கிருந்து எங்கே போய் விழுந்தது என்பதைக் கருவி வைத்து அளந்து சேர்த்து வருகிறார்கள். அந்தக் குவியலிலிருந்து பிராடி கண்டுபிடித்தது எளிமையானது. இத்தனை அடி தூரத்திலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரர் சராசரியாக எத்தனை புட்டில் முடிப்பார் என்று ஓர் அட்டவணை. நீங்கள் அதைவிடக் குறைவாக முடித்தால் லாபம், அதிகம் எடுத்தால் நஷ்டம். 2011இலிருந்து அமெரிக்கச் சங்கமே புட்டிங்கை இந்த முறையில்தான் அளக்கிறது.

அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்குச் சில பிரமைகள் போயின. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் மூன்றடியிலிருந்து 100க்கு 96 போடுகிறார்கள். நாலடியில் 88. ஐந்தடியில் 77தான். எட்டடியில் பாதிக்குப் பாதி. பத்தடியில் 40, பதினைந்தடியில் 23, இருபதடியில் 15. முப்பதடியிலிருந்து 7 மட்டும். நம்மைப் போல 90 அடியில் ஆட்டத்தை முடிக்கிறவர்களுக்கு ஐந்தடியிலேயே பாதிதான் விழும். டோக்கியோவின் கடைசிக் குழியில் நான் கத்தியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அன்றுதான் புரிந்தது. ரயிலில் கத்தியதும்தான்.

சரி, கணக்கு இருக்கிறது, சரக்கு எங்கே? மகளின் பழைய அட்டைகள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அவற்றில் மொத்தப் புட் மட்டும்தானே இருக்கும், தூரம் யார் எழுதியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். ஒன்று கைதவறிக் கீழே விழுந்து புரண்டது. பின்பக்கம் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்து. 9–2. 11–3. 2–1. 10–2. முதலில் ஏதோ பள்ளிக்கூடக் கணக்கு என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. முதல் எண் தப்படி, இரண்டாவது புட். குழியிலிருந்து பந்துவரை அவள் நடந்து எண்ணியிருக்கிறாள். கிரீனில் அவள் "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் முணுமுணுத்துக்கொண்டு நடப்பதை எத்தனையோ தடவை பார்த்து, சீக்கிரம் ஆடு என்று அவசரப்படுத்தியிருக்கிறேன். தேதி பார்த்தேன். முதல் அட்டை 2021 ஆகஸ்ட் 15. டோக்கியோவுக்கு அடுத்த வாரம். நான் பதில் சொல்லாத கேள்விக்கு அவளே பதில் தேடத் தொடங்கியிருந்தாள். பதினாலு அட்டை. ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை.

அன்றிரவு சாப்பிடக்கூட மனசில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். தப்படிக்கு மூன்றடி என்று வைத்துக்கொண்டேன். கணக்கின் சாரத்தை, எண்களைக் கொஞ்சம் முழுசாக்கிச் சொல்கிறேன். என் மகள் ஒரு ஆட்டத்தில் பத்துக் கிரீனை உரிய அடியில் எட்டிவிடுகிறாள். ஆனால் பந்து குழிக்கு முப்பதடி தள்ளி நிற்கிறது. மீதி எட்டில் வெளியிலிருந்து தள்ளி எட்டடிக்குக் கொண்டுவருகிறாள். முப்பதடியிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரருக்கே சராசரி 1.98 புட் ஆகும். எட்டடியிலிருந்து 1.50. பத்து முப்பதடி 19.8, எட்டு எட்டடி 12. ஆக அவள் நின்ற இடங்களில் அவர்களை நிறுத்தினாலும் 31.8 புட் ஆகும். அவள் எடுத்தது 34. இரண்டே சொச்சம்தான் நஷ்டம்.

அந்த இன்னொரு பெண்ணைப் பாருங்கள். நாலு கிரீனைத்தான் உரிய அடியில் எட்டினாள். மீதிப் பதினாலில் வெளியே விழுந்து, அங்கிருந்து அழகாகத் தள்ளி ஐந்தடிக்குக் கொண்டுவந்தாள். ஐந்தடியின் சராசரி 1.23. நாலு முப்பதடிக்கு 7.9, பதினாலு ஐந்தடிக்கு 17.2. ஆக 25 புட்டில் முடிய வேண்டியது. அவள் எடுத்தது 30. நஷ்டம் ஐந்து. நான் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று இரண்டு வருஷம் சொன்னேனோ, அந்தப் பெண்ணைவிட என் மகள்தான் நன்றாகப் புட் போடுகிறாள்! அந்தக் குழந்தையைக் குறை சொல்லவில்லை. வெளியிலிருந்து தள்ளுவதில் அவள் கெட்டிக்காரி. 30 என்ற எண் அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அளந்தது. அதை நான் புட்டிங் என்று படித்துக்கொண்டேன்.

பிராடி சொல்லும் இன்னொரு விஷயம் இதோடு சேரும். அடிகளின் எண்ணிக்கையில் புட் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும், முதல்தர ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் புட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். பெரும் பங்கு, சுமார் 40 சதவீதம், கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளில் இருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் ஜெயிக்கிறவருக்குப் புட்டர் நன்றாக ஒத்துழைத்திருக்கும். டோக்கியோவில் தூரமாக அடிக்க முடியாத அதிதியைப் பதக்கத்தின் வாசல்வரை கொண்டுபோனது அவளுடைய புட்டர்தான்.

அப்படியானால் என் மகளிடம் குறையே இல்லையா? இருந்தது, ஆனால் நான் தேடிய இடத்தில் இல்லை. மூன்று புட் எடுத்த குழிகளை மட்டும் தனியாகப் பிரித்தேன். ஏறக்குறைய எல்லாமே ஒன்பது தப்படிக்கு மேல். பெங்களூரில் தவறவிட்ட அந்த ஐந்தடிகள் இரண்டுமே இரண்டாவது புட். முதல் புட் குழிக்கு எட்டாமல் ஐந்தடி முன்னாலேயே நின்றதால் வந்தவை. நாலடிப் புட் அவளுக்கு நன்றாகவே வந்தது. முப்பதடியில் பந்தை எவ்வளவு வேகத்தில் விடுவது என்பதுதான் வரவில்லை. அதை ஆறடி ஜமக்காளத்தில் எப்படிப் பழகுவது? வராத பாடத்தை விட்டுவிட்டு, வந்த பாடத்தையே தினமும் நூறு தடவை எழுதச் சொன்ன வாத்தியார் நான்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். பி.யூ.சி. பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நோட்டை மேஜையில் வைத்து, "தப்பு என் மேலதாம்மா" என்றேன். எங்கள் வீட்டில் அப்பாக்கள் அப்படிப் பேசி வழக்கமில்லை. என் அப்பா என்னிடம் சொன்னதே கிடையாது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டினாள். பென்சிலை எடுத்தாள். ஐந்து நிமிஷம் கழித்து, "மூணாவது பக்கத்துல கூட்டல் தப்புப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

அதன்பின் பழக்கத்தை மாற்றினோம். ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம், பயிற்சிக் கிரீனில் ஏழு, பத்து, பதிமூன்று தப்படி. விழவைப்பது நோக்கமே இல்லை. குழியைச் சுற்றி ஒரு தப்படி வட்டத்துக்குள் நிற்க வேண்டும். பந்து நின்றால் குழியைத் தாண்டி நிற்கட்டும் என்பது மட்டும் ஒரு விதி, ஏனென்றால் எட்டாத பந்து எந்தக் காலத்திலும் விழாது. விடிகாலையில் பனி ஈரம் இருக்கும்போது பந்து மெதுவாக ஓடும், ஒன்பது மணிக்கு அதே கிரீன் வேறு மாதிரி ஆகும். அதையும் நோட்டில் ஒரு ஓரத்தில் குறித்தாள்.

வீட்டில் யாராவது ஆடுகிறார்கள் என்றால் இதைச் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் வேண்டாம். ஒவ்வொரு குழிக்கும் மூன்று எண்: முதல் புட்டின் தூரம் தப்படியில், எடுத்த புட், முதல் புட் எங்கே நின்றது (முன்னாலா, தாண்டியா, எத்தனை தப்படி). நடக்கிற நடைதான், நேரம் வீணாகாது. ஆனால் ஒரு தரக் கட்டுப்பாட்டுக்காரனின் எச்சரிக்கை: ஒரு நாள் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். எட்டடியில் பாதி போடும் கை, பத்தில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ போடுவது ஆறு தடவைக்கு ஒரு தடவை சும்மாவே நடக்கும். நம்பாதவர்கள் ஒரு ரூபாய்க் காசைப் பத்துப் பத்தாகச் சுண்டித் தலை எண்ணிப் பாருங்கள். குறைந்தது பத்து ஆட்டமாவது சேர்ந்த பிறகு நோட்டைத் திறந்து பேசலாம்.

நோட்டினால் ஒரு வம்பும் வந்தது. எங்கள் மைதானத்தில் பந்து எப்போதும் சாமுண்டி மலைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் வளையும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். இரண்டு மாதம் நான் எழுதிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தேறவில்லை. பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் நோட்டையும் மலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அம்மனுக்குத் தெரியும் சாமி, நோட்டுக்குத் தெரியாது" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

2023 அக்டோபர் 1ஆம் தேதி ஹாங்ஜோவின் கடைசி நாளையும் நாங்கள் சேர்ந்தே பார்த்தோம். முந்தின நாள் 61 அடித்து, ஏழு அடி முன்னிலையில் இருந்த அதிதி, அன்று 77 அடித்தாள். தாய்லாந்தின் அர்பிச்சயா யூபோல் தங்கத்தைக் கொண்டுபோனார். வெள்ளிதான் என்றாலும், ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண் ஒருத்தி கோல்ஃபில் வாங்கிய முதல் பதக்கம் அது. அந்தக் காலை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், கத்துவேனோ என்று.

அவள் பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை. கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள், புள்ளியியல் தாளில் நல்ல மார்க் வாங்குகிறாள், லீவுக்கு வரும்போது ஆடுகிறாள். போட்டிக்குப் போவதை நிறுத்தியது அவள் முடிவு. அந்த நாலு மாதம் நடுவில் வராமல் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று சில இரவுகளில் யோசிப்பேன். அதற்கு அட்டவணை எதுவும் கிடையாது.

போன தீபாவளிக்கு வந்தபோது பதினாலாவது குழியில் பன்னிரண்டு தப்படி. எண்ணினாள், இந்த முறை தமிழில். பந்து குழியைத் தாண்டி ஒரு முழம் போய் நின்றது. "எழுதிக்கோங்கப்பா" என்றாள். 12–2, தாண்டி, அரைத் தப்படி என்று எழுதிக்கொண்டேன். நோட்டு இப்போது ஏழாவது. மூன்று பத்தி போட்ட மாதிரித் தாள் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.